நீ படித்துக் காட்டிய மனு

நேற்று பாடியில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரில் உன் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பசைகூடக் காயவில்லை, மைதா வாடை அடித்தது. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், ஆனால் ஒரு வரி விடவில்லை. ‘படிக்காத பெண்களுக்குக் கண்ணாக இருந்தவர்’ என்று உன் பெயருக்குக் கீழே போட்டிருந்தார்கள். அடிப்பாவி! செத்த பிறகும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டுமா? அழலாம் என்றுதான் நின்றேன். கோபம்தான் வந்தது. நான் ஏற வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது.

கண்ணாகத்தான் இருந்தாய், இல்லை என்று சொல்ல மாட்டேன். எண்பதுகளில் நம் தெருவில் எஸ்எஸ்எல்சி பாஸ் பண்ணின ஒரே பெண் நீ. மற்றவர்கள் எல்லாரும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளில் கூட்டிப் பெருக்கவும் அட்டைப்பெட்டி ஒட்டவும் போன கைநாட்டுகள். தெருமுனைப் புறம்போக்கில் படிப்பகம் கட்டியபோது செங்கல் சுமந்தது நாங்கள். மேசையும் பெஞ்சும் நீ எழுதிப் போட்ட மனுக்களால் வந்தன. வேலை விட்டு வந்து, முகம் கழுவி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்காருவோம். நீ பேப்பரை விரிப்பாய். வார இதழ்த் தொடர்கதையில் மாமியார் பேசும் இடம் வந்தால் உன் குரலே மாறிவிடும். “தூ, அவள இழுத்து நாலு அறை வுடு!” என்று நாங்கள் கத்துவோம்.

ரேஷன் கடைக்காரர் “ஸ்டாக் இல்ல, போ” என்று விரட்டினால், நீ பேப்பரில் படித்த அறிவிப்பைச் சொல்லிப் பத்துப் பேர் மல்லுக்கு நிற்போம். அரிசி வெளியே வரும். தெருக்குழாய் வந்ததும் அப்படித்தான். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, படித்தவள் ஒருத்தி நம்மோடு இருக்கிறாளே என்று தெம்பாக நடந்தோம். “லூர்து, நீயே கத்துக்கயேன்” என்று நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டாம்ப் பேடும் ஒரு தாளுமாக வந்தாய்.

“இன்னாடி அது?” என்றேன்.

“நம்ம படிப்பகத்த கவர்மெண்டு லைப்ரரியா மாத்தி, பெருசா கட்டித் தரச் சொல்லி மனு. எல்லாரும் கைநாட்டு வைங்க.”

தலைப்பிலிருந்து ‘இப்படிக்கு’ வரை வாசித்தும் காட்டினாய். பெண்களுக்குத் தனி பெஞ்சு, பிள்ளைகளுக்குப் படக்கதை என்று வந்தபோது நான் கை தட்டினேன். தயங்கினவர்களை, “அதான் அவ படிச்சுட்டாளே, அப்புறம் இன்னா? வைங்கடி!” என்று அதட்டியது நான்தான். முதல் கட்டைவிரலும் என்னுடையதுதான்.

ஒரே மாதத்தில் ஆட்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள். பக்கத்து லாரி ஷெட் முதலாளிக்கு அந்த இடமாம். படிப்பகத்தை எடுக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகச் சொல்லித் தாளைக் காட்டினார்கள். எங்கள் கட்டைவிரல்கள் வரிசையாக இருந்தன. அந்தத் தாளில் இல்லாத பெஞ்சையும் இல்லாத படக்கதையையும் எப்படியடி அவ்வளவு அழகாக வாசித்தாய்? ஓரிடத்தில்கூட உனக்கு நாக்குக் குழறவில்லையே! அடுத்த வாரமே உன் வீட்டுக்காரர் அந்த ஷெட்டில் சூப்பர்வைசர்.

உன் வாசலில் வந்து நின்று கேட்டேன். “மூணு மாசமா எங்க ஊட்டுக்காரரு வேலையில்லாம குந்திகினு இருந்தாரு. உங்கள்ல எவளாச்சும் வந்து கேட்டீங்களா?” என்று கதவைச் சாத்தினாய். நான் கேட்கவில்லை, உண்மைதான். கேட்டிருக்க வேண்டும். அதற்காக ஒரு தெருவையே குருடாக்குவாயா?

தெருக்காரிகள் உன்னைத் திட்டியதைவிட என்னைத் திட்டியதுதான் அதிகம். அந்த ஆத்திரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாதா கோவில் கூடத்தில் நடந்த எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயதில் ‘அ’ போட்டேன். படிக்கத் தெரிந்ததும், தெருச் சங்கத்தில் கிடந்த அந்தத் தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். ஏழே வரி. ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. கடைசி வரி இப்படி இருந்தது: ‘மேற்கண்ட விவரம் எங்களுக்குப் படித்துக் காட்டப்பட்டு, சரி என ஒப்புக்கொண்டோம்.’ அதற்குக் கீழே, படித்துக் காட்டியவர் என்ற இடத்தில், உன் கையெழுத்து. அன்றைக்கு அழுத மாதிரி நான் என் வீட்டுச் சாவுக்குக்கூட அழுததில்லை.

இப்போது இரண்டு தெரு தள்ளி அரசாங்கக் கிளை நூலகம் இருக்கிறது. நம் ஆட்கள் பல வருடம் நடையாய் நடந்து கொண்டுவந்தது. சாயங்காலங்களில் நானும் அங்கே உட்கார்ந்து, படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாள் படித்துச் சொல்கிறேன். போன வாரம் பூக்காரி ஒருத்தி ஏதோ சம்மதப் பத்திரம் கொண்டுவந்தாள். நான் இரண்டு வரி முடிப்பதற்குள் கட்டைவிரலை நீட்டிவிட்டாள்.

“நீ படிச்சா போதும்க்கா. எங்க வைக்கணும், சொல்லு.”

எனக்கு வந்ததே கோபம்! “போதாது! இன்னொருத்தர்கிட்டயும் குடுத்து படிக்கச் சொல்லிக் கேளு. அப்பால வை. நாளையிலேர்ந்து இங்க வந்து குந்து, நானே கத்துத் தரேன்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

“உன்னப் போயி சந்தேகப்படுவனாக்கா?” என்று அவள் சிரித்தாள்.

உன்னைப் பார்த்து நானும் அப்படித்தானடி சிரித்தேன்.