தோரணவாயிலுக்கு வெளியே

அன்புள்ள யாசுயோ அக்காவுக்கு கனாயே எழுதுவது. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இங்கே அப்பா, சித்தி, நான் மூவரும் சுகம். அங்கே ஹக்கோடாதேயில் நீயும் அம்மாவும் சுகமா என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போக இந்தத் தடவை கை வரவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. அங்கே பனி விழ ஆரம்பித்திருக்கும், காலுறை இரண்டாகப் போட்டுக்கொள், உனக்குச் சட்டென்று சளி பிடித்துவிடும்.

இன்று மலைக்கோயிலில் அறுவடைத் திருவிழா. சாமி முன்னால் கைமணி குலுக்கி ஆடும் மணி ஆட்டத்துக்கு இந்த வருஷம் என்னைத்தான் எடுத்திருந்தார்கள், கோடை முடிந்ததிலிருந்து பழகினேன், தூங்கும்போதும் கை மணியை ஆட்டுகிறது என்று சித்தியே சிரித்தாள். காலையில் மூவருமாக மலை ஏறினோம். ஆட்டத்துக்குக் கட்டும் சிவப்புப் பாவாடை மூட்டை என் கையில் இருந்தது. உச்சியில் கல் தோரணவாயில் முன்னால் எல்லாரையும் போல நின்று தலை வணங்கினோம், நான் காலெடுத்து வைக்கப் போகும்போது அப்பா என் தோளைப் பிடித்துவிட்டார். “நீ உள்ள வராத. இங்கியே நில்லு” என்றார். சித்திக்கு முகம் மாறிவிட்டது. “இவ்வளவு தூரம் ஏறி வந்தப்புறமா? இன்னிக்கு ஒரு நாள்தானே, பேசாம வாங்க, யாருக்குத் தெரியப்போகுது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “சாமிக்குத் தெரியுமில்ல” என்றார் அப்பா. மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இருவரும் உள்ளே போய்விட்டார்கள். அந்தப் பாவாடையை என் வகுப்பு ரிட்சுகோ கட்டிக்கொண்டு எனக்குப் பதிலாக ஆடினாள். புல்லாங்குழலும் மணியும் கேட்கக் கேட்க என் கால் தானாக அடி வைத்தது, நான் அழவில்லை.

பள்ளிக்கூடத்துப் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். “ஏய் கனாயே, உங்க வீட்ல யாரு செத்தா? தீட்டுக்காரி மாதிரி வெளிய நிக்கிற?” என்று ஒருத்தி கேட்டாள். யாரும் சாகவில்லையே என்றேன். பக்கத்தில் அரிசிமாவு உருண்டை சுட்டு விற்கிற அம்மாள் அவளை அதட்டினாள். “போடி வாயாடி! வீட்ல சாவுன்னா இவ அப்பனும்ல வெளிய நிக்கணும்? அவன் உள்ள போயி கைதட்டிக் கும்பிட்டுட்டிருக்கான், பாரு” என்றாள். அவள் எனக்காகத்தான் பேசினாள். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் நான் ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அக்கா, நீயே யோசித்துப் பார். எனக்குச் சாவுத் தீட்டு, அப்பாவுக்கு இல்லை. எனக்குச் சொந்தம், அப்பாவுக்குச் சொந்தம் இல்லாதவர் யார்? முதலில் நீயோ என்று பயந்தேன். இல்லை, நீ அப்பாவுக்கும் மகள்தானே, உனக்கு ஒன்று என்றால் அவரும் என்னோடு வெளியேதான் நின்றிருப்பார். அப்படி நினைத்ததும் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம் அம்மா நினைவு வந்தது. விவாகரத்துக்குப் பிறகு அப்பாவுக்கு அம்மா யாரோ, எனக்கு அப்படி இல்லையே. முந்தாநாள் சாப்பிடும்போது ஒரு போன் வந்தது. அப்பா “ம்”, “எப்போ”, “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார், மிச்சச் சோற்றைத் தொடவில்லை. போன் பண்ணியது நீயா? நீ என்றால் என்னைக் கூப்பிடு என்று ஏன் சொல்லவில்லை?

பிறகு மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் அண்ணன் எனக்குத்தானே சொந்தம், அவர் குடித்துவிட்டுப் படகில் போகிறவர். மாமாவாக இருக்கட்டும் என்று அங்கேயே நின்று வேண்டிக்கொண்டேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, ஒரு மனிதர் செத்திருக்கட்டும் என்று வேண்டலாமா? வெளியே நின்று வேண்டினால் சாமிக்குக் கேட்குமா? தீட்டோடு வேண்டினால் வேண்டியதற்கு நேர்மாறாக நடந்துவிடுமா? ஒன்றும் புரியவில்லை அக்கா. இறங்கும்போது அப்பா நான் கேட்காமலே இனிப்பு உருண்டை வாங்கித் தந்தார், தின்று முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பதிலை வீட்டுக்குப் போடாதே, சித்தி பிரித்துவிடுவாள், பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு. அம்மா அடுப்படியில் இருக்கிறாள், உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரே ஒரு வரி எழுது, எனக்கு அது போதும். சாமி உன்னையும் அம்மாவையும் நல்லபடியாக

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. “கனாயே, விளக்கு எரியுது, நீ தூங்கலன்னு தெரியும். கதவத் திறம்மா. உங்கம்மா...” என்றார். மூன்று வருஷமாக இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அதோடு நிறுத்திவிட்டார். உங்கம்மாவோட அண்ணன் என்று சொல்ல வந்திருக்கலாம் இல்லையா அக்கா, அப்படியும் இருக்கலாம்தானே, மறுபடி தட்டுகிறார், நான்