கயிற்றுத் தெருவில் பூ மூடிய குழி

மழை பொய்யாதிருக்க, கடல் எல்லை கடவாதிருக்க! செங்கடம்ப நாட்டைக் குடைநிழலில் தாங்கும் பெருந்தேவி இளவெயினியார் திருவாய் மலர்ந்ததை ஓலைநாயகம் பொதுவன் மாறன் எழுதியது. முத்தலைத்துறையின் ஆட்சியும் நீதியும் ஒருங்கே ஏற்ற அரையர் பூதங்கொற்றனார் காண்க. உமது துறைக்கும் குடிகளுக்கும் நலம் பெருகுக. உமக்கும் பெருகுக, இதை வாசித்து முடிக்கும் வரையிலாவது.

தேவியார் அங்கு உலா வந்தபோது கயிற்றுத் தெருவில் தோரணக் கம்பங்களுக்குக் குழி பறித்தவர்கள் அரண்மனைப் பணியாளர்கள். தேர் திரும்ப இடம் போதாமல் கம்பங்களைப் பிடுங்கியவர்களும் அவர்களே. குழிகளைத் தூர்க்காமல், பார்வைக்கு அழகாயிருக்கட்டும் என்று மேலே பூப்பாய் விரித்துவிட்டுத் தேரின் பின்னே போய்விட்டார்கள். மறுநாள் நங்கைச்சாத்தி என்பவள் அங்கே கயிறு திரித்தாள். இராட்டை ஒரு முனையில் சுழல, இடுப்பிலுள்ள நாரைப் புரியாக விட்டுக்கொண்டே பின்னடி வைத்து நடப்பது அவள் தொழில். குதிகால் பூப்பாயில் பட்டது, விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. அவள் பின்னே நடப்பது இருக்கட்டும், இனி முன்னே நடப்பாளா என்பதே மருத்துவருக்குத் தெரியவில்லை.

அவள் உம்மிடம் முறையிட்டாள். பணியாளர்களுக்கு அவள்மேல் பகையில்லை, அவளோடு ஒப்பந்தமும் இல்லை, ஆதலால் பொறுப்பில்லை என்றும், போகும் திசை பாராமல் நடந்தது அவள் தவறே என்றும் நீர் தீர்த்தீர். அவள் எலும்பு முன்னமே நொய்ந்தது என்று வேறு சேர்த்தீர். அத்தீர்ப்பு அவையில் வாசிக்கப்பட்டபோது தேவியார் திடுக்கிட்டார். வாசித்தவன் ஏதோ வரியை விட்டுவிட்டானென எண்ணி மீண்டும் வாசிக்கச் செய்தார். அவன் எதையும் விடவில்லை. தமக்காக விரித்த பூவுக்கடியில் ஒருத்தியின் வாழ்வு போயிற்று என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தெருவின் அழகைத் தேரிலிருந்து தாமே புகழ்ந்ததும் நினைவுக்கு வந்தது.

முன்னறிவிப்பின்றித் தேவியார் அத்தெருவுக்கு வந்தார். நாரை இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிறு திரிப்போர் நடப்பதுபோலவே பின்னடி வைத்தார். சிறிது தூரத்தில் அவர் கால் குழிக்குள் இறங்கியது! தோழியர் தாங்கியிராவிட்டால் நாட்டின் கதி என்னாவது? பூவெல்லாம் சருகாகியிருந்தது, குழி மட்டும் அப்படியே இருந்தது. ஒருத்தி விழுந்து, வழக்காகி, தீர்ப்பும் ஆன பின்பும் ஒரு கூடை மண் போட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றார் தேவியார்.

பின்னர் நங்கைச்சாத்தியின் கட்டிலருகே சென்று, வேண்டுவது யாதென வினவினார். மற்றவை மெல்ல ஆகட்டும், தன் தங்கை நாளை அத்தெருவில் கயிறு திரிக்க இறங்கவேண்டியிருப்பதால் முதலில் குழியைத் தூர்க்கவேண்டும் என்று அவள் விண்ணப்பித்தாள்.

ஆகவே தேவியார் தீர்த்தருளியது: தன் செய்கையால் எவருக்குத் தீங்கு நேரும் என்று முன்கூட்டியே உணரக்கூடுமோ, அவர்பால் கவனமாயிருத்தல் ஒவ்வொருவரின் கடன், அதற்குப் பகையும் வேண்டா, ஒப்பந்தமும் வேண்டா. கயிற்றுத் தெருவில் குழி பறிப்பவன், அங்கே மக்கள் பின்னோக்கி நடப்பார்கள் என்பதைச் சாதாரண அறிவாலேயே அறிந்திருக்கவேண்டும். குழி இல்லையேல் அவள் விழுந்திராள். அவள் எலும்பு நொய்ந்ததாயினும், தீங்கு செய்தவன் அவளை இருந்த நிலையிலேயே ஏற்று, முழுத் தீங்குக்கும் பொறுப்பாகவேண்டும். பணியாளர் அரண்மனை வேலையில் பிழை செய்தமையால் பொறுப்பு அரண்மனையுடையது. அவள் வாழ்நாள் முழுதும் அவளைத் தாங்குவது தேவியாரின் கடன். கயிறு தாமதமாகித் தன் கப்பல் காற்றைத் தவறவிட்டதாக முறையிட்ட வணிகனின் இழப்போ குழிக்கு வெகுதூரம் அப்பாற்பட்டது, அது தள்ளப்பட்டது.

உமக்குரிய கட்டளை தனி. தேவியார் கால் இறங்கிய குழியை அவரே மண்ணிட்டு மூடினார். மற்றவை எங்கெங்கே உள்ளன என்று இதில் எழுதப்படவில்லை. எவரும் நுழையாதபடி தெரு மறிக்கப்பட்டுள்ளது. நங்கைச்சாத்தி கடைசியாகத் திரித்த கயிற்றால் கட்டி, கடம்ப இலச்சினை இட்ட இவ்வோலையை, கண்ட மறுநாட்காலை குடிகள் கேட்க நீர் உரக்க வாசிக்கக் கடவீர். தெருவின் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை, பின்னடி வைத்து நடந்தபடியே வாசிக்கக் கடவீர். அதற்குமுன் குழிகளைத் தூர்ப்பதோ விடுவதோ உமது விருப்பம்.