பொம்மைக்கு வரைந்த கண்

மார்ச் 12, வியாழன்

படுத்தும் நித்திரை வரவில்லை.

அமெரிக்காவில் காரும் கரண்டும் வேண்டாமென்று குதிரை வண்டியில் போகிற ஆமிஷ் மக்களைப் பற்றி, மகள் ஆரணி பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் படித்தாள். அவர்கள் செய்வதைப் போலவே ஒரு துணிப்பொம்மையும் தைத்தாள். வெள்ளைத் தொப்பி, பொத்தான் இல்லாத நீலச் சட்டை. முகம் மட்டும் இல்லை. பிள்ளை களைத்துப்போய் விட்டுவிட்டாள் என்று நினைத்து, காலையில் அவள் குளிக்கும்போது நான் கறுப்புப் பேனையால் கண்ணும் வாயும் வரைந்துவிட்டேன்.

வந்து பார்த்துக் கத்தினாள். "அம்மா, ஆமிஷ் ஆக்கள் பொம்மைக்கு முகம் வைக்கிறேல்லை! கடவுளுக்கு முன்னால எல்லாரும் ஒண்டு எண்டுதான் அப்பிடி."

வேறு தைக்க நேரமில்லை. "அப்ப கொண்டுபோகாதை," என்றேன்.

"இல்லை, கொண்டுதான் போறன்."

பின்னேரம் நானும் போனேன். மேசையில் அதே கண்ணோடு பொம்மை இருந்தது. ஆரணி எல்லோருக்கும் ஆங்கிலத்தில் விளக்கினாள்: ஆமிஷ் ஆட்கள் முகம் வைப்பதில்லை. எங்கள் கோயிலிலோ சிலைக்குக் கண் திறந்தால்தான் அது சாமி. அப்படிப் பழகிய அம்மா வரைந்த கண் இது. அத்தனை பேருக்கு முன்னாலும் அவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் வீடு இருக்கும் செவன் கிங்ஸுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, பெருமைப்படுறது ஆமிஷ் ஆக்களுக்குப் பாவம், தெரியுமோ?"

இருக்கட்டும். நான் ஆமிஷ் இல்லையே.