கடல் அட்டை வீடியோ

புரட்டாசி, செவ்வாய் இரவு

சுற்றுச்சூழல் பயிற்சியில் சொன்னபடி இன்று வகுப்பில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நம் கடலில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பிள்ளைகளே சொன்னார்கள். போனில் வீடியோ எடுத்தேன். பள்ளி திறந்ததிலிருந்து பேசவே பேசாத ஜெனிட்டா எழுந்து கடல் அட்டையைப் பற்றிச் சொன்னாள். "எங்கப்பா முங்கி எடுத்துட்டு வருவாவ. அம்மா அவிச்சி மாடில காயப் போடுவாவ." நான் கைதட்டினேன். அவள் பேசுகிறாளே என்ற பூரிப்பில், என்ன பேசினாள் என்பது மண்டையில் ஏறவில்லை.

பஸ்ஸில் வரும்போதே அதைப் பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு, பிடிக்கக் கூடாத உயிரினங்களைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுத்த வனத்துறை அதிகாரி கேட்டிருந்தார்: "அருமை டீச்சர். இது எந்த ஊர்?"

அப்புறம்தான் வீடியோவை ஒழுங்காகக் கேட்டேன். அட்டை பிடித்தால் ஜெயில் என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள் நான்.

வீடியோவை அழித்துவிட்டேன். அவருடைய கேள்வி மட்டும் அங்கேயே நிற்கிறது. சும்மாதான் கேட்டிருப்பார். பதில் போடாவிட்டால் சந்தேகம் வரும். போட்டால்...

ஜெனிட்டாவின் அப்பாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது? வைத்துவிட்டேன்.

"ஒண்ணும் ஆவாது, லைட்ட அமத்திட்டுப் படு" என்கிறார் இவர்.

சாயங்காலம் பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும்போது ஜெனிட்டா என்னிடம் திரும்பி வந்தாள். "நாளைக்கு காஞ்ச அட்டை ஒண்ணு கொண்டு வாரேன் டீச்சர், எல்லாரும் பாக்கட்டும்."

கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.