டனலைப் பூட்டிப்போட்டாங்கள்

மொன்றியால்
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என்ரை அன்பு மகள் பிரஷாந்தினிக்கு,

அம்மா எழுதிறன். நீ நோர்வேயிலை, பேர்கனிலை நேரத்துக்குச் சாப்பிட்டு, தடிமன் காய்ச்சல் ஒண்டுமில்லாமல் இருப்பாய் எண்டு நம்பிக்கொண்டுதான் பேனையை எடுத்தனான். இஞ்சை நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். மனதைப் பற்றிக் கேட்டாயெண்டால், அதுக்குத்தான் இந்தக் கடிதம். போன கிழமை நீ, ஏனம்மா இப்ப வேலை முடிஞ்சு நடந்து வரேக்கை எனக்குப் போன் எடுக்கிறியள் இல்லை, என்னோடை கோவமோ எண்டு கேட்டாய். கோவமில்லைப் பிள்ளை. போனிலை சொல்ல வெளிக்கிட்டால் எனக்கு அழுகை வந்திடும், நீயும் அங்கை நித்திரை கொள்ளமாட்டாய். எழுதினால் நிண்டு நிண்டு எழுதலாம்.

முதல் வீட்டுப் புதினம். அப்பாவின்ரை முழங்கால் வீக்கம் இப்ப கொஞ்சம் வத்தியிருக்கு, ஏன் வீங்கினது எண்டதைப் பேந்து சொல்லுறன். மதுஷன் அண்ணா ஆத்துக்கு அங்காலை புரோசார்ட்டிலை நல்லாய் இருக்கிறான், தன்ரை சின்னவளை கார்டெரி எண்டிற பிள்ளைப் பராமரிப்பிலை விட்ட நாள் தொட்டு அவள் பிரெஞ்சுக்காரியாய் மாறிப்போனாள். அப்பா சோறு தீத்தப் போனால் மெர்சி எண்டு சொல்லிக் கையைத் தள்ளுறாள், போதும் எண்டு அர்த்தமாம். அப்பாவுக்கு அது விளங்காமல், நன்றி சொல்லுறாள் எண்டு சந்தோசப்பட்டு இன்னும் ஒரு வாய் வைக்கிறார். இவ்வளவுதான் சிரிக்கக்கூடிய செய்தி.

என்னோடை வேலை செய்யிற செல்வமலரை உனக்குத் தெரியும், போன வருசம் நீ வந்து நிண்டபோது ரோல்ஸ் கொண்டுவந்து தந்தவள். வேலணைப் பிள்ளை, உன்னிலும் பார்க்க நாலைஞ்சு வயதுதான் கூட. அவளின்ரை மனிசன் அருமைநாதன் டவுன்டவுனிலை ஒரு ரெஸ்டோரன்ற் குசினியிலை நிக்கிறார், அவர்தான் ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவர். வந்த புதுசிலை கதைக்கவே கூச்சப்பட்டவள், எங்கடை பக்டரியிலை மருந்துப் பெட்டி அடுக்கத் தொடங்கின பிறகு ஆளே மாறிப்போனாள். பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள், வயது போனாக்களைப் பராமரிக்கிற படிப்புப் படிக்கப்போறன் அக்கா எண்டு சொல்லுவாள், லைனிலை நிண்டு பிரெஞ்சு வசனங்களைப் பாட்டுமாதிரி இழுத்துச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பாள். பக்டரி இருக்கிறது நகரத்துக்கு வெளியிலை, புவாண்ட்-கிளேரும் தாண்டி. பஸ் தரிப்பு ரெயில் பாதைக்கு அங்காலை. அங்காலை போறதுக்கு நிலத்துக்குக் கீழை ஒரு டனல், படியாலை இறங்கி, நடுவிலை ஒரு வளைவு திரும்பி, பேந்து படி ஏறவேணும். அந்த வளைவுக்கு அங்காலை ஆர் நிக்கினம் எண்டு திரும்பின பிறகுதான் தெரியும். லைற் இருக்கு, ஆனால் கம்பிக் கூட்டுக்குள்ளை ஊத்தை பிடிச்சு, இருக்குதோ இல்லையோ எண்டமாதிரி எரியும்.

கார்த்திகை மாதம் ஒருநாள் நான் அப்பாவைக் கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனபடியால் வேலைக்குப் போகேல்லை. அண்டைக்கு செல்வமலர் தனியத்தான் டனலாலை போயிருக்கிறாள். நேரமெண்டால் பின்னேரம் ஐஞ்சு மணி, ஆனால் இஞ்சத்தைக் கார்த்திகையிலை ஐஞ்சு மணியெண்டால் நல்ல இருட்டு. வளைவிலை ஒருத்தன் நிண்டிருக்கிறான். பையைத்தான் பறிக்கிறான் எண்டு நினைச்சுப் பையை விட்டிருக்கிறாள், அவன் பையைப் பாக்கவேயில்லை, தலைமயிரைப் பிடிச்சுச் சுவரோடை அமத்தியிருக்கிறான். அவள் அவன்ரை கையைக் கடிச்சுப்போட்டு ஓடினவள், படியிலை விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. தொண்டை கிழியக் கத்தினவளாம். பஸ்ஸுக்கு ஏழெட்டுப் பேர் மேலை நிண்டிருக்கினம், ஒருத்தருக்கும் கேக்கேல்லை. அவள் இரத்தத்தோடை மேலை ஏறி வந்ததைக் கண்டுதான் பஸ் ட்ரைவர் இறங்கி ஓடிவந்து, தன்ரை ஜக்கெற்றைக் கழட்டிப் போர்த்துவிட்டு, பொலிசுக்கு அடிச்சிருக்கிறார். அவனை இண்டைவரைக்கும் பிடிக்கேல்லை.

இதுக்குப் பிறகு நடந்ததுகள்தான் எனக்கு இன்னும் கவலை. கோயிலிலை எங்கடை ஆக்கள் கேக்கினம், அந்த நேரத்திலை ஏன் தனியப் போனவ எண்டு. எந்த நேரத்திலை? வேலை முடியிற நேரத்திலை. வேறை எந்த நேரத்திலை போறது? அருமைநாதன் கெட்ட மனிசன் இல்லை, ஆஸ்பத்திரியிலை சின்னப்பிள்ளைமாதிரி விக்கி விக்கி அழுதவர். ஆனால் வீட்டுக்கு வந்ததும், இனி வேலையும் வேண்டாம் வகுப்பும் வேண்டாம், நான் உழைக்கிறது காணும் எண்டு சொல்லிப்போட்டார். அவளும் வேலைக்கும் வகுப்புக்கும் போறதை விட்டிட்டாள். மதுஷன் அண்ணா எனக்கும் அதையே சொன்னான், அம்மா விடுங்கோ வேலையை எண்டு. அவன்ரை பயம் எனக்கு விளங்கும், அவன் பாலம் தாண்டி ஒவ்வொரு நாளும் வந்து ஏத்தவும் ஏலாது. ஆனால் நான் என்ன பிழை செய்தனான் எண்டு வேலையை விடவேணும் எண்டு கேட்டன்.

அடுத்த நாள் வேலை முடிஞ்சு டனல் வாசலுக்கு வாறன், அங்கை அப்பா நிக்கிறார். தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து, அந்தக் குளிரிலை. பேந்தும் இரண்டு மூண்டு நாள் வந்தார். ஒருநாள் எனக்கு முதல் வெளிக்கிட்ட எலிசா, பிலிப்பீன்ஸ்காரி, அவளும் எங்கடை லைன்தான், அப்பாவைக் கண்டு குளறிக்கொண்டு பக்டரிக்குத் திரும்பி ஓடியந்திட்டாள், டனலடியிலை ஒரு ஆம்பிளை நிக்கிறான் எண்டு. போய்ப் பாத்தால் உன்ரை அப்பா. அவரின்ரை முகத்தை நீ பாத்திருக்க வேணும். படுக்கப் போகேக்கைதான் சொன்னார், சிவநேசம், அவள் என்னைக் கண்டு பயந்திட்டாள், நான் ஆர் எண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும் எண்டு. அடுத்த நாள் தொப்பியைக் கழட்டிப்போட்டு, வெளிச்சம் முகத்திலை விழுற இடமாய்ப் பாத்து, தள்ளி நிண்டார். முழங்கால் வீங்கினது அப்பதான். பேந்து நான் வரவிடேல்லை.

மார்கழியிலை றொக்சன் எண்டு ஒரு பெண் பக்டரிக்கு வந்தவள், இஞ்சத்தை கெபெக் பிள்ளை, ஒரு பெண்கள் நிலையத்திலை வேலை. பொம்பிளையள் நடக்கிற பாதையளை அந்தப் பொம்பிளையளோடையே சேர்ந்து நடந்து பாத்து, எது பயம், எதை மாத்தவேணும் எண்டு நகரசபைக்கு எழுதிக் குடுக்கிறதுதான் அவையின்ரை வழக்கமாம். நாங்கள் ஒரு பத்துப் பேர் வேலை முடிய அவளோடை நடந்தம். பயம் எங்கை தொடங்குது எண்டு எல்லாரையும் கேட்டாள். ஒருத்தி படியிலை எண்டாள், எலிசா வளைவிலை எண்டாள். எனக்கு மத்தியானம் சாப்பிடேக்கையே தொடங்குது, யன்னலாலை பாத்து, இனி இருட்டப்போகுது எண்டு நினைச்சால் சாப்பாடு இறங்காது எண்டு சொன்னன். அவள் அதையும் எழுதினாள். பேந்து, இஞ்சை கத்தினால் மேலை கேக்குமோ எண்டு பாப்பம் எண்டாள். எலிசாவையளை பஸ் தரிப்புக்கு அனுப்பிப்போட்டு, நான் வளைவிலை நிண்டன். பிள்ளை, கத்துறது லேசில்லை. சும்மா கத்து எண்டால் வாய் வராது. என்னத்தைச் சொல்லிக் கத்துறது எண்டும் தெரியேல்லை, கடைசியிலை உன்ரை பேரைத்தான் கத்தினன். பிரஷாந்தினி, பிரஷாந்தினி எண்டு மூச்சுப் பிடிச்சுக் கத்தினன், அந்தச் சுவரெல்லாம் உன்ரை பேர் அடிச்சு அடிச்சுத் திரும்பி எனக்கே வந்தது. மேலை ஏறிப் போனன். எலிசா என்னைப் பாத்து, ஏன் மேலை வந்திட்டியள், இன்னும் தொடங்கேல்லையோ எண்டு கேட்டாள்.

அண்டைக்கு றொக்சனும் அழுதவள். நல்லாய்த்தான் எழுதிக் குடுத்தாள். வளைவிலை ஒரு பெரிய வட்டக் கண்ணாடி, நல்ல லைற், படிக்குப் பக்கத்திலை மறைக்கிற பத்தையை வெட்டுறது, அமத்தினால் ஆரும் வரக்கூடிய ஒரு பொத்தான், முழங்கால் ஏலாதவைக்கும் பிள்ளை வண்டில் தள்ளுறவைக்கும் ஒரு சரிவுப் பாதை, ஏலுமெண்டால் பஸ்ஸை பக்டரிப் பக்கம் ஒருக்கால் சுத்தி விடுறது. அதிகமாய் ஒண்டும் கேக்கேல்லை. பாக்கிறம் எண்டு மறுமொழி வந்தது. எங்களுக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. தை மாதம் வேலை முடிஞ்சு வந்து பாத்தால் டனல் வாசலிலை இரும்புக் கேற், பெரிய பூட்டு, பாதுகாப்புக் காரணமாய் மூடப்பட்டிருக்கு எண்டு பிரெஞ்சிலை ஒரு பலகை. இரண்டு பக்கமும் பூட்டு.

இப்ப நாங்கள் மேலாலை, லொறி ஓடுற பாலத்தாலை சுத்திப் போறம். நடைபாதை இல்லை, ஓரத்திலை தள்ளிவிட்ட பனி இடுப்பளவுக்குக் கிடக்கு. ஒரு கை பிடிக்கம்பியிலை, மற்றக் கையிலை பை, லொறிச் சத்தத்திலை ஒண்டும் கேக்காது. அதுதான் பிள்ளை நான் உனக்குப் போன் எடுக்கிறேல்லை. எலிசா இரண்டு தரம் சறுக்கி விழுந்திட்டாள். எங்களோடை வேலை செய்த மூண்டு பேர் வேலையை விட்டிட்டினம்.

றொக்சன் சொல்லி நான் நகரசபைக் கூட்டத்துக்குப் போனன். பொதுமக்கள் கேள்வி கேக்கிற நேரமெண்டு ஒண்டு இருக்கு. மதுஷன் அண்ணாவோடை இருந்து பிரெஞ்சு வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு போனன், அவனும் வந்து பின்னாலை இருந்தவன். மைக்குக்கு முன்னாலை நிண்டு சொல்லவேண்டியதைச் சொன்னன். மேசையிலை இருந்த ஒருத்தர் நல்ல மரியாதையாய்த்தான் பதில் சொன்னார், மடாம், இனி அந்த டனலுக்குள்ளை ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது, உங்கடை கவலையும் அதுதானே எண்டு. அதுக்கு மறுமொழி நான் பாடமாக்கேல்லை. வந்த பிரெஞ்சிலை சொன்னன், எங்கடை ஆக்களிலையும் சிலபேர் உப்பிடித்தான், பொம்பிளையளை வீட்டுக்குள்ளை வைச்சுப் பூட்டினால் வெளியிலை ஒண்டும் நடக்காது எண்டு சொல்லுகினம், நாங்கள் கேட்டது வெளிச்சம், நீங்கள் தந்தது பூட்டு எண்டு. பேந்து நேரம் முடிஞ்சுது, மெர்சி மடாம் எண்டினம். அடுத்த வருசத் திட்டத்திலை யோசிக்கிறம் எண்டு றொக்சனுக்குச் சொல்லியிருக்கினமாம். கார் தரிப்பிலை மதுஷன் அண்ணா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான், வேலையை விடுங்கோ எண்டு பேந்து இண்டைவரை சொல்லேல்லை.

நேற்று செல்வமலர் வீட்டை போனன். அவை ரொறன்ரோவுக்குப் போகினம், அருமைநாதன்ரை தமையன் அங்கை. வீடு முழுக்கப் பெட்டி. பகலிலையே திரையை இழுத்து விட்டிருக்கிறாள். கை பொருந்தியிட்டுது, ஆனால் கேத்திலைத் தூக்க மற்றக் கையைத்தான் குடுக்கிறாள். கூட்டத்திலை நான் சண்டை பிடிச்ச கதையை அவளுக்குச் சொன்னன், சந்தோசப்படுவாள் எண்டு. அவள் கேட்டுக்கொண்டு இருந்திட்டு, அக்கா கோவிக்காதையுங்கோ, அந்த இடத்தைப் பூட்டினது எனக்கு நிம்மதியாய்க் கிடக்கு, இப்ப நித்திரையிலை அந்த டனல் கனவாய் வந்தாலும் வாசலிலை பூட்டு இருக்கு எண்டாள். அவளுக்கு அந்தப் பூட்டு வேணும், எங்களுக்கு அந்தப் பாதை வேணும், இரண்டும் உண்மைதானே. ரொறன்ரோவிலை படிப்பைத் தொடங்குவியோ எண்டு கேட்டன். பிரெஞ்செல்லாம் மறந்துபோச்சு அக்கா எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி ஊத்தினாள். அங்கை பிரெஞ்சு தேவையில்லை எண்டு சொல்ல வந்தனான், அவள் சொன்னது அதையில்லை எண்டு விளங்கினபடியால் தேத்தண்ணியை எடுத்துக் குடிச்சன்.

நாளைக்கு வேலை. எலிசாவும் நானும் பாலத்தாலை போவம். இலைதுளிர் காலம் வந்தால் பனியெண்டாலும் இருக்காது.

உன்னோடை ரெலிபோனை வைக்கேக்கை எப்பவும் இருட்ட முதல் வீட்டை போயிடு பிள்ளை எண்டு சொல்லுறனான். இண்டைக்கும் அதை எழுதத்தான் கை வந்தது. ஆனால் உங்கை மார்கழியிலை மூண்டரைக்கே இருட்டுது எண்டு நீதானே சொன்னாய். இருட்ட முதல் வீட்டை போறதெண்டால் குளிர்காலம் முழுக்க நீ வேலையை விட்டிட்டுத்தான் இருக்கவேணும். அதாலை அதை எழுதேல்லை. போகவேண்டிய இடத்துக்குப் போ. எந்த இடத்திலை உனக்குக் கால் கூசுதோ, அந்த இடத்தைப் பற்றி உங்கத்தை ஆக்களுக்கு வாய் திறந்து சொல்லு, பயமில்லாத ஆள்மாதிரி நடந்து காட்டாதை. முருகன் உன்ரை முன்னுக்கும் பின்னுக்கும் நிக்கட்டும், நீ நீடூழி நல்லாய் இருக்கவேணும். அப்பாவின்ரை ஆசியும் இதிலை இருக்கு. வெயில் இல்லாத ஊர், விற்றமின் டி குளிசையை மறக்காமல் போடு. வீட்டை போய்க் கதவைப் பூட்டினதும் எனக்கு ஒரு சொல்லு அனுப்பு. இஞ்சை என்ன நேரமெண்டாலும் பரவாயில்லை. நான் முழிச்சுத்தான் இருப்பன்.

உன்னைப் பெத்தவள்,
சிவநேசம்