உயர்ந்துபோன கட்டில்கள்

ஜூன் 11, செவ்வாய்

பாலத்தில் நடந்தே பத்திரிகை அலுவலகம் போனேன். நடுவில் ஒரு பலகை கிறீச்சிட்டது. போன வருடம் இந்நேரம் அங்கே பலகையே இருந்திருக்காது. ஆற்றில் தண்ணீர் ஏறும் முன் எங்கள் ஆட்கள் நடுத் தூண்களுக்கு இடையிலுள்ள கண்ணின் பலகைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கிவிடுவார்கள். வெள்ளம் எதிலும் மோதாமல் உத்திரங்களுக்கு ஊடே போய்விடும். வடிந்ததும் திரும்பப் பூட்டுவார்கள். அதுவரை படகு. இதற்கு 'வாய் திறந்துவிடுவது' என்று பெயர். நகரம் வருமுன்பே இந்தக் கரையில் இருந்த பூர்வகுடி நாங்கள். பாலத்துக்கு மரம் இழைத்ததும் எங்கள் பாட்டன்மார். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

இந்த வருடம் தொல்லியல் துறை அறிவிப்பு நட்டுவிட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னம்; ஆணியைத் தொட்டால் சிறை. எங்கள் பெரிய ஸ்பேனர்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். அதே அறிவிப்பில் இன்னொரு வரி: பாலம் இருக்கும்வரை இரு கரையிலும் எதையும் இடிக்கக் கூடாது. ஆற்றோர ஓட்டலுக்காக எங்கள் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்த காண்ட்ராக்டர் அந்த வரியால்தான் அடங்கினார்.

தெருத் தலைவரை 'மீட்டிங்' என்றுதான் கூப்பிடுவோம். எதற்கெடுத்தாலும் கூட்டம் போடுவார். "ஜெயிலும் நமக்குத்தான், காவலும் நமக்குத்தான்" என்றார்.

ஜூன் 19, புதன்

பாலம் போய்விட்டது.

ஜூன் 20, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

தூண்கள் மட்டும் நிற்கின்றன. எங்கள் தெரு முழுக்கக் கரையில் நின்றது. அழுகை இல்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது. பாலத்தில் ஒரு பலகை வெடித்தாலே ஒப்பாரி வைக்கும் ஆட்கள்.

பார்வையிட வந்த இன்ஜினியர், காரணம் வெள்ளம்தான் என்றார். எங்கள் பக்கத் தூணில் ஓர் உத்திரம் தொங்கியது. போய்ப் பார்த்தேன். போல்ட் துளைகள் சுத்தமாக இருந்தன, பிய்ந்த மரம் இல்லை. துளையோரம் புது எண்ணெய். வெள்ளம் நட்டைக் கழற்றும் என்றே வைத்துக்கொள்வோம். எண்ணெயும் போடுமா?

பாலம் போனால் லாபம் யாருக்கு? காண்ட்ராக்டருக்கு.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. என் தம்பி தச்சன். போன மாதம்தான் காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தான்.

ஜூன் 22, சனி

தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி எப்போதும் கையைப் பிடித்து உள்ளே இழுப்பவள். இன்று நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள மூட்டைப்பூச்சி மருந்து அடிச்சிருக்கு, அண்ணி."

மருந்து வாடை இல்லை. ஈர மரத்தின் வாடை வந்தது.

ஜூன் 24, திங்கள்

தம்பியை பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். பாலம் போன அன்று காலை அங்கே இருந்தாயா என்று நேராகவே கேட்டேன்.

"நீ அக்காவா கேக்குறியா, பேப்பரா கேக்குறியா?"

"ரெண்டும்தான்."

"பேப்பருக்குப் பதில் கிடையாது."

"அக்காவுக்கு?"

"அக்கா பேப்பர்கிட்ட சொல்லிருவா."

பஸ் ஏறிப் போய்விட்டான். பையின் வாயில் ஸ்பேனரின் தலை தெரிந்தது. என் முழங்கை நீளம் இருக்கும்.

காசு வாங்கிட்டானா? இவனா? நான் தோள்ல தூக்கி வளத்தவன் — சே. என்ன நினைப்பு இது. ஆனா நினைக்காம எப்படி இருக்கிறது?

ஜூன் 27, வியாழன்

ஆசிரியர் கூப்பிட்டு, "பாலம் பத்தி எழுதும்மா, காண்ட்ராக்டர் பேர் மட்டும் வேணாம்" என்றார். காண்ட்ராக்டருக்குப் பயந்து தயங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நல்லதுதான்.

மாலையில் மீட்டிங் வீடு. நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவர் மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கால் தரைக்கு எட்டாமல் ஆடியது. குள்ளம்தான், ஆனால் அவ்வளவு குள்ளம் இல்லை. அடுத்த வீட்டிலும் கட்டில் உயரம். அதற்கடுத்த வீட்டிலும். தெருவுக்கே புது மெத்தையா? யார் கொடுத்தது?

அப்படியென்றால் தம்பி மட்டும் இல்லை. எல்லாருமா?

ஜூலை 1, திங்கள்

தொல்லியல் அலுவலகத்தில் விசாரணை. காண்ட்ராக்டரின் வக்கீல் எழுந்து, இல்லாத பாலத்துக்குப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்டார். தொல்லியல் அதிகாரி நல்ல மனிதர்தான். பழைய மரம் ஓரளவு கையில் இருந்தாலும் அதை வைத்தே திரும்பக் கட்டலாம், பாதுகாப்பும் தொடரும். ஆனால் எல்லாம் கடலுக்குப் போய்விட்டதே என்றார். முடிவு அடுத்த திங்கள்.

எங்கள் வரிசையைப் பார்த்தேன். தம்பி மீட்டிங்கைப் பார்த்தான். மீட்டிங் மின்விசிறியைப் பார்த்தார். வழக்கில் தோற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தோற்பவர் முகம் இல்லை அது.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போய், அவன் மனைவியைத் தள்ளிக்கொண்டு நுழைந்து மெத்தையைத் தூக்கினேன். கீழே பாலத்தின் பலகைகள். கறுத்து, ஈரம் காயாமல். ஒரு துணியில் போல்ட்டுகள், எண்ணெய் தடவி.

பின்னாலேயே தம்பி வந்து நின்றான்.

"வாய் திறக்கத்தான் போனோம், அக்கா. விடியக்காலைல. பாதிகூட ஆகல, தூரத்துல வாச்மேன் விசில் கேட்டுச்சு. கையில இருந்ததத் தூக்கிட்டு ஓடி வந்துட்டோம். மிச்சப் பலகையில பெரிய மரம் ஒண்ணு வந்து சிக்கிச்சு. அதோட பாலமே போச்சு."

காண்ட்ராக்டரிடம் ஏன் சேர்ந்தாய் என்றேன்.

"அந்த சைஸ் ஸ்பேனர் வேற யார்கிட்ட இருக்கு?"

சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. பலகையைக் காட்டினால் கழற்றியவனுக்குச் சிறை. காட்டாவிட்டால் தெரு போகும். ஏன்டா என்கிட்ட சொல்லல என்றேன்.

"சொன்னா நீ எழுதணும், இல்ல பொய் சொல்லணும். பொய் உனக்கு வராது. அதனால தெருவே சேர்ந்து முடிவு பண்ணோம்."

நான் அவர்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர்கள் என்னைச் சந்தேகித்திருக்கிறார்கள். அவர்களிடமாவது காரணம் இருந்தது.

ஜூலை 3, புதன்

மீட்டிங் கூட்டம் போட்டார். என்னையும் அழைத்தார்கள். ஆறே ஒதுக்கியது போல் பலகைகளைக் கரையில் போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். துளையோர எண்ணெயை நானே ஒரே நாளில் கண்டுபிடித்தேன், மற்றவர்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்றேன். தம்பி எழுந்து, தானே எடுத்துப் போய் ஒப்புக்கொள்வதாகச் சொன்னான்.

அவன் மனைவி வாசலில் சாய்ந்தபடி சொன்னாள்: "ஒத்த ஆளு தூக்குற பலகையா அது?"

அதன் பிறகு கூட்டத்தில் பேச எதுவும் மிச்சமில்லை.

ஜூலை 4, வியாழன்

செய்தியை என்னால் எழுத முடியாது என்று ஆசிரியரிடம் சொன்னேன். ஏன் என்றார்.

"இதுல நான் சாட்சி இல்ல, சார். நானும் ஒரு கட்சி."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, விளையாட்டுப் பக்கம் பார்ப்பவரை அனுப்புவதாகச் சொன்னார்.

ஜூலை 8, திங்கள்

கை எரிகிறது. சிராய் எடுக்கவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

முதல் பக்கத்தில் படம். கடைத்தெரு நடுவே விசாரணைக்குப் போகும் பலகைகள், இரண்டு இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு. முதல் பலகையின் முன்னால் தம்பி. பின்முனையில் நான், வியர்வையில் கண்ணை மூடிக்கொண்டு.

கழற்றியது யார் என்று அதிகாரி கேட்டார். "நாங்க" என்றார் மீட்டிங். வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சிறிய பேச்சு. வழக்கு தெரு முழுவதன் மீதும் பதிவாகியிருக்கிறது, என் பெயரும் உண்டு. மரம் வந்துசேர்ந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. அதனால் பாதுகாப்பு தொடர்கிறது. ஸ்பேனரைத் தம்பி காண்ட்ராக்டரிடம் திருப்பிக் கொடுத்தான். வேலையும் அத்தோடு போனது.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கட்டிலில் உட்கார்ந்தேன். கால் தரையில் பட்டது.