சித்திக்காகப் போட்ட வழக்கு

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நான் அழுவேன், நீ உடனே டிக்கெட் போடுவாய், அதனால்தான் கடிதம்.

பக்கவாதம் வந்த சித்தியைத் தூக்கி உட்கார வைக்க என் இடுப்பில் பலமில்லை என்று அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தோமே, போன மாதம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனேன். பார்வை நேரம் இல்லை என்று வாசலில் இருந்த பெண் மறித்தாள், பாத்ரூம் போகணும் என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன். ஆள் கூப்பிடுகிற மணி எட்டாத அலமாரி மேல் கிடந்தது. சித்தியின் நல்ல கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் புரட்டிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நான் அலறப் போனேன், அவள் குழறிக்கொண்டே, சத்தம் போடாதக்கா, அப்புறம் என்னைத் திருப்பிக்கூடப் போட மாட்டாங்க என்றாள். டெலிபோன் ஆபீசில் மேலதிகாரியையே அதட்டி வேலை வாங்கினவள், உனக்குத் தெரியாதா.

அன்றைக்கே ஆம்புலன்ஸ் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இது ஒரே நாளில் வந்த புண் இல்லை, கவனிக்காமல் விட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஆத்திரம், ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து வழக்குப் போட்டுவிட்டேன். ஆத்திரம் அடங்கிய பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. இல்லத்து மேனேஜர் ஒரு பை நிறையப் பழத்தோடு வீட்டுக்கே வந்தார். எதுக்கும்மா கோர்ட்டு கேஸுன்னு, உங்க ரெண்டு பேருக்கும் வயசாகுது, நாளைக்கு எங்கதான் போவீங்க, இந்த ஊர்ல எல்லா ஹோம்காரங்களும் எனக்குத் தெரிஞ்சவங்கதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாளைக்கு எங்கே போவோம் என்று உன்னிடம் கேட்கவில்லை தம்பி. பழத்தை யாரும் தொடவில்லை. இருக்கிற தாழ்ப்பாளையே போட மறக்கிற உன் அப்பா, கதவுக்குப் புதிதாக இன்னொரு தாழ்ப்பாள் அடித்திருக்கிறார்.

அதற்கும் மேல் ஒன்று. அங்கே சித்திக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த டீச்சரம்மா யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். உங்க தங்கச்சியை நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க, நாங்க இங்கதானே கிடக்கணும், உங்க கேஸால எங்ககிட்ட யாரும் முகம் கொடுத்துக்கூடப் பேசறதில்லை என்றார். வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, சித்தியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வக்கீல் வீட்டுக்குப் போகலாமென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளிடம் சொன்னேன். வாபஸ் வாங்கிட்டா டீச்சர் முதுகை யாருக்கா பார்ப்பாங்க என்று கேட்டாள்.

வக்கீலம்மாவிடம் போய் டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் அவசர மனு போட்டதும், கோர்ட்டு அனுப்பிய அதிகாரியும் ஒரு டாக்டருமாகப் போய் மாடியில் இருந்த எல்லாரையும் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். டீச்சருக்கு இரண்டு குதிகாலிலும் புண். இப்போது அவரும் ஆஸ்பத்திரியில் சித்தியின் வார்டில்தான் இருக்கிறார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கோபமா வெட்கமா தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. வழக்கு முடிய இன்னும் எவ்வளவு காலமோ. சித்தியைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போய் நீதிபதி முன்னால் பேச வைக்கப் போகிறார்கள். அவள் வாய் குழறினால் அந்தப் பக்கத்து வக்கீல் என்ன செய்வாரோ என்றுதான் எனக்குப் பயம். அவளோ எந்தப் புடவை கட்டிக்கொள்வது என்று கேட்கிறாள்.

உன் நம்பர் அந்த மேனேஜரிடம் இருக்கிறது. உனக்கும் போன் வரும், தேனாகப் பேசுவார், எதற்கும் சரி என்று சொல்லிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

பயந்துகொண்டேதான் இருக்கிறேன், ஆனாலும் வாபஸ் வாங்க மாட்டேன்.

உன் அம்மா